பூட்டிய அலமாரியும் புழங்காத மேசையும்

வீடு மந்திரிக்கச் செல்லும் பங்குத்தந்தைக்கு மற்ற விருந்தினர்க்கு இல்லாத ஓர் உரிமை உண்டு. உறவினரையும் நண்பரையும் கூடத்திலேயே அமர்த்திப் பேசி அனுப்பிவிடும் வீட்டார், தீர்த்தச் செம்புடன் வருகிறவரை மட்டும் படுக்கையறை, அடுக்களை, சாமான் அறை ஈறாக எல்லா இடங்களுக்கும் அழைத்துச் செல்வர். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் வீடுவீடாய் நுழைந்து பார்த்ததில் ஒரு செய்தி என் மனத்தில் பதிந்துவிட்டது. நம் குடும்பங்கள் எந்த அறையை மிகுந்த பொருட்செலவில் அழகு செய்திருக்கின்றனவோ, அந்த அறையில்தான் மனித நடமாட்டம் மிகக் குறைவு. அது சாப்பாட்டு அறை.

நடுவே தேக்கு மேசை. அதன்மேல் கனத்த கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் பின்னல் விரிப்பு. சுற்றிலும் முதுகு உயர்ந்த 8 நாற்காலிகள். அவற்றின் மெத்தைக்குக் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. சுவரோரம் கண்ணாடி அலமாரி. அதனுள் திருமணத்திற்கு வந்த பீங்கான் தட்டுகளும் தேநீர்க் கோப்பைகளும். சாவி இல்லத்தரசியின் கொத்தில். மேசையின் நடுவில் என்றும் வாடாத பிளாஸ்டிக் பூங்கொத்து. அறை இப்படி இருக்க, வீட்டார் எங்கே உண்கிறார்கள்? பிள்ளைகள் கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே, மடியில் தட்டை வைத்துக்கொண்டு. குடும்பத் தலைவர் கட்டிலோரத்தில், ஒரு கையில் கைப்பேசியோடு. பாட்டி தம் அறையில். அனைவருக்கும் கொடுத்து முடித்த தாய், அடுக்களை மேடையில் சாய்ந்து நின்றபடியே. இந்த மேசை யாருக்கு என்று கேட்டால், "யாராவது வந்தால் வேண்டுமே" என்பார்கள்.

அந்த "யாராவது" பெரும்பாலும் நான்தான். மேசையின் தலைமாட்டில் என்னை அமர்த்தி, அலமாரியைத் திறந்து, பூப்போட்ட தட்டைத் துடைத்து வைத்து, வீட்டார் அறுவரும் சுற்றி நிற்பார்கள். ஒருவர் உண்ண, அறுவர் பார்த்து நிற்கும் விருந்தில் எந்தப் பண்டமும் இறங்காது என்பதை என் உடன் குருக்கள் அனைவரும் அறிவர். "நீங்களும் உட்காருங்கள்" என்றால், "நீங்க சாப்பிடுங்க சாமி, நாங்க அப்புறம் பார்த்துக்கிறோம்" என்ற விடையே வரும்.

நிற்க. சில மாதங்களுக்குமுன் மருமகள் ஒருவர் என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையை எளிமையாக, அன்றாடம் எல்லாரும் அமரத்தக்கதாக மாற்ற வேண்டும் என்பது அவர் விருப்பம். மேசையை விற்றுவிடலாம் என்பது அவர் கணவரின் யோசனை. மாமனாரோ, தம் தந்தை 1964-இல் தச்சரை வீட்டிலேயே இருத்திச் செய்வித்த மேசை அது, தாம் கண்மூடும் மட்டும் அதைத் தொடக் கூடாது என்கிறார். மாமியார் ஒன்றும் சொல்வதில்லை. அவர் அந்த மேசையில் அமர்ந்து உண்டதை மருமகள் ஒருநாளும் கண்டதில்லையாம். "சாமி ஒரு வார்த்தை மாமாகிட்டச் சொல்லணும்" என்றார். நான் பெரியவரிடம் என்ன சொன்னேன் என்பதையே இம்மாதம் சற்று விரிவாக எழுத எண்ணுகிறேன். இதே வழக்கு வேறு பல வீடுகளிலும் வெளியில் சொல்லப்படாமல் நடந்துகொண்டிருப்பதை நான் அறிவேன்.

முதலில், இந்த அறை நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் முன்னோர் உண்பதற்கென்று தனி அறை கட்டவில்லை. பாயோ பலகையோ போட்டு, இலை விரித்து, உண்டு முடித்து, இலையை எடுத்து இடத்தை மெழுகினால் அது மீண்டும் கூடமாகிவிடும். அதில் பெரிய சமத்துவம் நிலவியது என்று யாரும் மயங்க வேண்டாம். முதற்பந்தி ஆண்களுக்கு, கடைசிப் பந்தி பெண்களுக்கு, மிஞ்சினால் உண்டு என்பதே பல வீடுகளின் நடைமுறை. உணவுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி அலங்கரிப்பது ஐரோப்பியச் செல்வர் வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இது உச்சம் பெற்றது. ராபர்ட் ஆடம் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், 1773 முதல் வெளியிட்ட தம் நூலில், உணவு அறையின் சுவர்களில் பட்டுத் துணியோ சித்திரக் கம்பளமோ தொங்கவிடாமல் சுதைவேலையும் ஓவியமும் சிலையுமே அமைப்பதாகவும், துணியில் உணவின் வாடை தங்கிவிடும் என்பதே காரணமென்றும் விளக்குகிறார். அவருடைய மாளிகைகளை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. இந்த ஒரு குறிப்பை மட்டும் பின்பற்றலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்நாளில்கூட ஐரோப்பிய விருந்துகளில் பலவகை உணவையும் ஒருசேர மேசைமேல் பரப்பிவைத்து, அமர்ந்திருப்போரே எடுத்து ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்வதே வழக்கமாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில்தான் "ரஷிய முறை" என்ற புதுமுறை பரவிற்று. அம்முறைப்படி மேசையில் பூவும் விளக்கும் மட்டுமே இருக்கும். உணவு வகைகளைப் பணியாளர் ஒன்றன்பின் ஒன்றாய் உள்ளிருந்து கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் கொடுப்பர். இன்று நாம் சம்பிரதாயமான உணவு அறை என்று எண்ணும் அமைப்பு முழுவதும் இந்த முறைக்கு ஏற்பச் செய்யப்பட்டதே. மேசை நடுவே பூங்கொத்து, எடுத்துச் செல்ல எட்டாத தொலைவில் அடுக்களை, இடையில் மூடிய கதவு ஆகிய அனைத்தும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கின்றன. அமராமல் நிற்கும் ஒரு பணியாள் வேண்டும். வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களில் அதற்குப் பட்லர் இருந்தார். அவர்களிடமும் அவர்களைச் சுற்றியும் பணிபுரிந்த நம்மவர் அம்மேசையைக் கண்டு ஆசைப்பட்டனர். மேசை நம் வீட்டிற்கு வந்தது; பட்லர் வரவில்லை. அவர் நின்ற இடத்தில் அன்று முதல் தாய் நிற்கிறாள்.

பெரியவரிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பட்லருக்காவது சம்பளம் உண்டு சாமி" என்றார்.

மேலைநாட்டாரே இந்த அறையைக் கலைத்துவிட்டனர் என்பதும் கவனிக்கத்தக்கது. பணியாளர் கிடைப்பது அரிதானபோது அங்கும் இல்லத்தரசியர் அடுக்களைக்கும் மேசைக்கும் இடையே நடந்து களைத்தனர். பிராங்க் லாயிட் ரைட் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் இரு வீடுகளை ஒப்பிட்டால் மாற்றம் விளங்கும். சிகாகோ நகரில் ராபி என்ற மிதிவண்டித் தொழிலதிபருக்காக அவர் கட்டிய வீடு 1910-இல் முடிந்தது. அதன் உணவிடத்தில் ஆள் உயரத்திற்கு முதுகு எழும்பிய நாற்காலிகள். நான்கு மூலைகளிலும் விளக்குத் தூண்கள் நிற்கும் மேசை. அமர்ந்தவர்களைச் சுற்றி மற்றோர் அறை எழுந்தாற்போல் தோன்றும். அதே ரைட், 1937-இல் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளரின் குடும்பத்திற்கு ஏறத்தாழ 5,500 டாலரில் ஒரு சிறு வீடு கட்டினார். அங்கே உணவுக்குத் தனி அறையே கிடையாது. சமையலிடத்திற்கும் கூடத்திற்கும் நடுவே ஓர் ஒதுக்கிடம். அதில் ஒரு மேசை. எட்டிய தூரத்தில் அடுப்பு. சமைப்பவர் குடும்பத்தின் பேச்சுக்கு வெளியே நிற்க நேராது. இவ்விரு வீடுகளையும் 2019-இல் யுனெஸ்கோ ரைட்டின் வேறு ஆறு கட்டடங்களுடன் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. எதில் குடியிருக்க விருப்பம் என்று கேட்டால், இரண்டாவது வீட்டையே நான் சொல்வேன்.

இனி நம் வீட்டு மேசைக்கு வருவோம். இதை விற்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அறையை விறைப்பாக்குவது மேசையின் மரமன்று; அதன்மேல் பூசிய மெருகும், அம்மெருகின்மேல் நமக்குள்ள அச்சமும்தான்.

பழைய தேக்கு மேசைகளில் பெரும்பாலானவை பிரெஞ்சு பாலிஷ் செய்யப்பட்டவை. பலாசு முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் தரும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியில் தொட்டுத் தொட்டுப் பலமுறை தேய்த்து ஏற்றுவதே அது. பார்வைக்குக் கண்ணாடிபோல் மின்னும். ஆனால் அரக்கு சூட்டிற்கு இளகுவது, ஈரத்திற்கு வெளுப்பது. சூடான குழம்புச் சட்டியை ஒருமுறை நேரே வைத்தால் வெள்ளை வளையம் விழுந்துவிடும். இதற்கு அஞ்சியே கண்ணாடி போடுகிறோம். கண்ணாடி போட்டபின் எவர்சில்வர் தட்டு ஒவ்வொரு முறையும் கணகணவென்று ஓசையிடும். பிள்ளை தட்டை வேகமாக வைத்தால் தாய் அதட்டுவாள். அடியில் நீர் புகுந்தால் விரிப்பு அழுகி நாறும். ஈராண்டில் பிள்ளைகள் மேசையை விட்டுக் கூடத்திற்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்?

ஆகவே முதல் வேலை, கண்ணாடியை எடுப்பது. இரண்டாவது, மேற்பலகையின் பழைய மெருகைக் களைவது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் அரக்கு கரைந்து வரும். சன்னல்களைத் திறந்துவைத்து, அருகில் விளக்கோ அடுப்போ இன்றிச் செய்ய வேண்டும். உலர்ந்தபின் முதலில் 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் மர இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும். இதற்குமுன் ஒன்றைச் சோதித்தறிவது அவசியம். மேசையின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். மேலே தெரியும் இழை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது முழு மரம். மெல்லிய தேக்குத் தகட்டை வேறு பலகையின்மேல் ஒட்டியிருந்தால் கோடு தெரியும். அத்தகைய மேசையை உப்புத்தாள் ஓட்டையாக்கிவிடும். அதைத் தச்சரிடம் விடுவதே மேல்.

மரம் வெளிப்பட்டபின் ஆளிவிதை எண்ணெய் பூசலாம். மெல்லியதாய்ப் பூசி, கால்மணி நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதை வழித்துத் துடைத்து, மறுநாள் மீண்டும் பூச வேண்டும். மூன்று நான்கு பூச்சில் பலகைக்கு மங்கலான, கண்ணை உறுத்தாத பொலிவு வரும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தேய்த்து எண்ணெய் வைத்தால் போதும். மஞ்சள் கறை படியுமே என்பீர்கள். படியும், ஆயினும் மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நில்லாது, வெளிச்சம் படும் மேசையில் சில நாள்களில் வெளிறிவிடும். அதைக்கூடப் பொறுக்காதவர்கள், மினுக்கமில்லாத பாலியூரித்தேன் பூச்சைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசலாம். அது கறையையும் ஈரத்தையும் நன்கு தாங்கும். ஆனால் கெட்டுப்போனால் முழுவதையும் சுரண்டியே புதுப்பிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஆளி எண்ணெயில் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்தே உலர்கிறது. அப்போது வெப்பம் எழுகிறது. சுருட்டிய துணிக்குள் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானே தீப்பற்றும். துணியைத் திறந்தவெளியில் கொடியில் விரித்துக் காயவிடுங்கள், இல்லையேல் நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

அந்த வீட்டில் எண்ணெய் பூசியவர் யார் தெரியுமா? பெரியவரேதான். தேய்க்கும்போது பலகையின் அடிப்புறத்தில் தச்சர் பென்சிலால் எழுதிய கணக்கு ஒன்று வெளிப்பட்டதாம். தம் தந்தை காலத்துக் கூலிக் கணக்கு. அதை மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கிறார். மேசையைத் தொடக் கூடாது என்றவர் நான்கு நாள் அதன்மேலேயே கிடந்தார் என்று மருமகள் சொன்னார்.

நாற்காலிகளைப் பற்றி. மேசையின் உயரம் 30 அங்குலமும் இருக்கையின் உயரம் 18 அங்குலமும் இருப்பது பொது அளவு. ஒருவர் முழங்கை இடிக்காமல் உண்ண 24 அங்குல அகலம் வேண்டும். ஆகவே 6 அடி மேசையில் ஒரு பக்கம் மூவர். நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நடந்துபோக 3 அடி வேண்டும். நம் அறைகளில் இந்த 3 அடி நான்கு புறமும் கிடைப்பதில்லை. அதனால்தான் உள்ளே நுழைந்தவுடன் நெருக்கடியாகத் தோன்றுகிறது. மேசையைச் சுவர்ப்பக்கம் நகர்த்தி, அப்பக்கத்து நாற்காலிகளை எடுத்துவிட்டு, நீள விசிப்பலகை ஒன்றைப் போட்டால் அறை ஒரே நாளில் இளகிவிடும். விசிப்பலகையில் பிள்ளைகள் மூவருக்குப் பதில் நால்வர் நெருக்கியடித்து உட்காருவர். பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டால் மெத்தை வேண்டாம். வேண்டும்போது உதறித் துவைக்கலாம்.

ஆனால் முதியோரை விசிப்பலகையில் உட்காரவைப்பது தவறு. முழங்கால் வலி உள்ளவர்கள் கைகளை ஊன்றியே எழ வேண்டும். பழைய மேசைத் தொகுதிகளில் இரண்டு நாற்காலிகளுக்கு மட்டும் கைப்பிடி இருக்கும். வீட்டுத் தலைவர்க்கும் தலைவிக்குமென்று மேசையின் இரு முனைகளில் போடுவதற்காகச் செய்யப்பட்டவை அவை. அவற்றை அதிகாரத்தின் அடையாளமாய் வைத்திராமல், எழ முடியாதவர்க்குக் கொடுங்கள். அவ்விடம் அடுக்களைக்கு மிக அருகிலும் கை கழுவும் இடத்திற்கு மிக அருகிலும் இருக்கட்டும்.

கை கழுவும் தொட்டி என்றவுடன் ஒன்று நினைவிற்கு வருகிறது. வெளிநாட்டு இதழ்களில் வரும் அழகிய அறைப்படங்களில் அது இராது. ஆகவே சிலர் அதையும் பெயர்த்து எடுத்துவிட நினைக்கின்றனர். அவர்கள் கரண்டியால் உண்பவர்கள். கையால் உண்ணும் நமக்கு அது அறையின் உறுப்பு. அதை எடுக்க வேண்டாம்.

அலமாரியின் பூட்டைக் கழற்றுங்கள். பீங்கானைக் கீழ்த்தட்டிலே பத்திரமாக அடுக்கிவிட்டு, கைக்கு எட்டும் தட்டுகளில் அன்றாடத் தட்டு, தம்ளர், ஊறுகாய் ஜாடி, நெய்க்கிண்ணம், பிரிமணைகள் ஆகியவற்றை வையுங்கள். பிள்ளைகளே எடுத்து மேசையில் பரப்பும்படி இருக்க வேண்டும். பூப்போட்ட தட்டு ஒன்றிரண்டை ஞாயிற்றுக்கிழமை பயன்படுத்துவதிலும் தவறில்லை. உடைந்தால் உடையட்டும், பாட்டியின் திருமணத் தட்டுகளைப் பேத்தியின் திருமணத்தன்று பழைய சாமான் கடைக்கு அனுப்புவதைவிட அது மேல்.

இனி ஆடம் சொன்ன குறிப்பு. கனத்த வெல்வெட் திரையும் மெத்தை நாற்காலியும் உள்ள அறையில் மீன் பொரித்த வாடை மூன்று நாள் தங்கும். நம் கடற்கரைப் பங்குகளில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய பருத்தித் துணித் திரை போதும். மாதம் ஒருமுறை துவைக்கலாம். மேசை விரிப்புகளை நெய்து உலகிற்கு அனுப்பும் கரூர் நம் அருகிலேயே இருக்க, பிளாஸ்டிக் பின்னல் விரிப்பு எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை.

விளக்கைப் பற்றி எழுதுபவர்கள், மேசைக்கு மேலே 30 அங்குல உயரத்தில் ஒற்றை விளக்கைத் தொங்கவிடச் சொல்வார்கள். அழகான யோசனைதான். வெளிச்சம் தட்டின்மேல் விழ, அறையின் மற்ற பகுதி அடங்கியிருக்க, அமர்ந்திருப்பவர்கள் நெருங்கியதுபோல் இருக்கும். ஆனால் நம் நாட்டில் அதே இடத்தில் மின்விசிறி இருக்கிறது. விசிறிக்கு அடியில் தொங்கும் விளக்கு ஊசலாடும். விசிறிக்கு மேலுள்ள விளக்கின் ஒளியை இறக்கைகள் வெட்டி வெட்டித் தட்டின்மேல் நிழலாட்டும், தலை வலிக்கும். மேலும் நேர் கீழே வைத்த சோறு நொடியில் ஆறிப்போகும். ஆகவே விசிறியை மேசையின் நடுவிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மாற்றுங்கள், அல்லது சுவர் விசிறி வையுங்கள். விளக்கு மஞ்சள் சாயல் கொண்டதாக இருக்கட்டும், எல்.இ.டி. பெட்டியின்மேல் 2700 அல்லது 3000 என்ற எண் இருந்தால் அது அவ்வகை. நீலம் பாரித்த வெள்ளை வெளிச்சத்தில் சாம்பாரும் ரசமும் மருந்துபோல் தோன்றுகின்றன.

இவையெல்லாம் செய்தும் தாய் அமர முடியாமற் போகலாம். அதற்குக் காரணம் நம் உணவே. சோறும் குழம்பும் கறியும் மூடிய பாத்திரங்களில் மேசைக்கு வந்துவிட்டால் எல்லாரும் அமரலாம். வேண்டியதை எடுத்து வேண்டியவர்க்குக் கொடுக்கலாம். ஆனால் தோசை? தோசையைக் கல்லிலிருந்து தட்டிற்கு ஒவ்வொன்றாகத்தானே கொண்டுவர வேண்டும்? ஆறு பேர் உள்ள வீட்டில் தோசை இரவு என்றால், ஒருவர் ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்கிறார் என்பது பொருள். எந்த அலங்காரமும் இதை மாற்றாது. இதற்கு நான் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, அலமாரியின் அருகே ஒரு சிறு மேடையில் மின்காந்த அடுப்பு வைத்து, அறைக்குள்ளேயே சுடுவது. அவ்வடுப்பு 2000 வாட் இழுக்கும், அதாவது ஏறத்தாழ 9 ஆம்பியர். ஆதலால் விளக்குக்கான 6 ஆம்பியர் பிளக்கில் செருகாமல் 16 ஆம்பியர் இணைப்பு ஒன்று போடுங்கள். கல்லும் காந்தம் ஒட்டும் இரும்பாக இருக்க வேண்டும். மற்றது, முறை வைத்துக்கொள்வது. நான்கு தோசை தின்றவர் எழுந்து, அடுத்த நான்கைச் சுட வேண்டும். ஆண் பிள்ளைகளால் முடியாது என்று எந்தத் தாயும் எனக்கு எழுத வேண்டாம். குருமடத்தில் நாங்கள் சுட்டிருக்கிறோம்.

அடுக்களைக்கும் உணவறைக்கும் இடைச் சுவர் இருந்தால், அதில் ஒரு பெரிய சாளரம் திறப்பது மிகுந்த பயன் தரும். மூன்று அடி அகலம், அடுக்களை மேடையின் மட்டத்தில் அடிவிளிம்பு. பாத்திரங்கள் நடையின்றி இங்கிருந்து அங்கே போகும். சமைப்பவரும் பேச்சில் கலந்துகொள்வார். ஆயினும் அச்சுவர் மேல்தளத்தைத் தாங்கும் சுவரா என்பதைப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு உறுதி செய்துகொண்டு, தக்க லிண்டல் போட்ட பின்பே உடைக்க வேண்டும். கொத்தனாரின் "ஒண்ணும் ஆகாது" என்ற வாக்குறுதி மட்டும் போதாது.

சுவரில் வழி வெட்டும்போது சுவரில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் இல்லங்களின் உணவறையில் தவறாது தொங்கும் இராவுணவுப் படத்தின் மூலம், மிலான் நகரில் தொமினிக்கன் துறவிகளின் உணவுக்கூடச் சுவரில் லியோனார்டோ டா வின்சி 1495 முதல் 1498 வரை தீட்டிய ஓவியம். அந்தச் சுவரிலேயே 1652-இல் ஒரு வாசலை வெட்டினார்கள். ஆண்டவரின் பாதங்கள் தீட்டப்பட்டிருந்த பகுதி அதோடு போயிற்று. நம் படங்களில் மேசைக்கடியில் அவர் பாதங்கள் தெரிந்தால், அது பழைய பிரதிகளைப் பார்த்து வரைந்தது என்று அறிக. அறையை எளிமையாக்கும்போது இப்படத்தை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். எதற்காக எடுக்க வேண்டும்? புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியாத சுவருக்கு மாற்றினால் போதும்.

தொலைக்காட்சியை இந்த அறைக்குள் கொண்டுவர வேண்டாம். கைப்பேசிகளுக்கு மின்னேற்றும் இணைப்பைக் கூடத்தில் வையுங்கள்; உணவு வேளையில் அவை அங்கே கிடந்து மின்னேறட்டும். மற்றபடி இம்மேசையில் பிள்ளைகள் பாடம் எழுதலாம், பெரியவர் நாளிதழ் படிக்கலாம், கீரை ஆயலாம், மல்லிகை தொடுக்கலாம். நாளெல்லாம் புழங்கும் மேசையில் உணவு வேளைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே மூவர் அங்கே இருப்பார்கள்.

வீட்டில் நிற்கும் முதல் ஐயம், மிஞ்சிய நாற்காலிகளை என்ன செய்வது என்பதே. எட்டில் நான்கு மேசையோடு நின்றால், நான்கு மிஞ்சும். அவற்றின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, ஒன்றைப் பாட்டியின் கட்டிலருகிலும், ஒன்றைத் தொலைபேசியோ தையல் எந்திரமோ உள்ள மூலையிலும், இரண்டை முன்திண்ணையிலும் போடுங்கள். விருந்தினர் நால்வர் கூடினால் அங்கிருந்து தூக்கிவர ஒரு நிமிடம்கூட ஆகாது.